வாங்கிக்கொள்வதும் ஒரு தர்மம்!

'கடைசி வரைக்கும் யாருக்கும் பாரமா இல்லாம, யார் கையையும் எதிர்பார்க்காம போய்ச் சேர்ந்துடணும், தாயே!'

அம்பாள் சந்நிதியில் இப்படி வேண்டிக்கொள்ளாத பெண்கள் குறைவு. பிள்ளையின் வேலை, பெண்ணின் கல்யாணம், பேரக் குழந்தையின் ஆரோக்கியம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, கடைசியாகக் குரலைத் தாழ்த்தி வைக்கிற வேண்டுதல் இது. நீங்களும் வேண்டியிருக்கலாம். உங்கள் அம்மாவோ மாமியாரோ வேண்டியதைக் காதால் கேட்டிருக்கலாம்.

கேட்பதற்கு எவ்வளவு நல்ல பிரார்த்தனை! இதில் பேராசை இல்லை. யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனாலும், இதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகிய கை, ஒருநாள் பிறரிடம் வாங்கிக்கொள்ள நேர்ந்தால், அது அவமானமா? கொடுப்பதில் மட்டும்தான் தர்மம் இருக்கிறதா? வாங்கிக்கொள்வதில் தர்மம் என்று எதுவுமே கிடையாதா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்கிற பாதை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளாகப் பக்தர்கள் கால்நடையாக நடந்து, கஷ்டப்பட்டு, முகம் தெரியாதவர்களின் அன்பால் பிழைத்துக் கடந்து வருகிற பாதை அது. வாருங்கள், அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவோம்!

88 கோயில்கள்... 1,200 கிலோமீட்டர்!

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் மிகச் சிறியது ஷிகோகு. அந்தத் தீவுக்கு மாலை சூட்டியதுபோல் அதைச் சுற்றிலும் 88 புத்தர் கோயில்கள் அமைந்துள்ளன. முதல் கோயில் ரியோசென்ஜி. 88-வது கோயில் ஒகுபோஜி. எல்லாவற்றையும் நடந்தே தரிசித்தால், சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு நடந்து போய், பாதி வழிக்கும் மேல் திரும்பி நடந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்களேன்! முடிப்பதற்கு நாற்பது நாட்களில் இருந்து அறுபது நாட்கள் வரை ஆகும்.

இந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் பஸ்ஸிலும் காரிலும் போய் வந்துவிடுகிறார்கள். ஆனாலும், 'நடந்தே தீருவேன்' என்று சங்கல்பம் செய்துகொண்டு கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. யாத்திரை செய்பவருக்கு அங்கே 'ஹென்ரோ' என்று பெயர்.

தீவில் நான்கு மாவட்டங்கள். யாத்திரையிலும் நான்கு படிகள். டோக்குஷிமா என்ற முதல் மாவட்டத்தில் மனம் விழித்துக்கொள்கிறது. அடுத்து வரும் கோச்சி, உடம்பை வருத்தும் தவம். மூன்றாவதான எஹிமே, ஞானம். கடைசியாக வரும் காகாவா, முக்தி. நான்கையும் கால்களால் கடக்க வேண்டும் என்பதுதான் இந்த யாத்திரையின் விசேஷம்.

கூடவே நடக்கும் குருநாதர்

இந்த 88 தலங்களுக்கும் நாயகராகப் போற்றப்படுபவர், கூக்காய் என்ற மகான். கி.பி. 774-ல் இதே தீவில் பிறந்தவர். 804-ல் கப்பலேறிச் சீன தேசம் சென்று, உபதேசம் பெற்று, 806-ல் நாடு திரும்பினார். பிறகு, கோயா மலையில் மடம் அமைத்தார். 835-ம் ஆண்டுக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. 'அவர் இறக்கவில்லை. கோயா மலையில் இன்னமும் தியானத்தில் வீற்றிருக்கிறார்' என்பது பக்தர்களின் நம்பிக்கை. மந்த்ராலயத்தில் ராகவேந்திர ஸ்வாமிகள் ஜீவனோடு பிருந்தாவனத்தில் இருக்கிறார் என்று நம்புகிற நமக்கு, இது எளிதில் புரியும். தினமும் இரண்டு வேளை அவருக்கு அங்கே உணவு எடுத்துச் செல்கிறார்கள்! 921-ல் அவருக்கு 'கோபோ தாய்ஷி' என்ற பட்டம் வழங்கப்பட்டது. பக்தர்கள் சுருக்கமாக 'தாய்ஷி' என்கிறார்கள்.

அவருடைய குரு பரம்பரையில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சீனத்தில் அவருக்கு உபதேசித்தவர் ஹுய்குவோ. அவருடைய குரு அமோகவஜ்ரர். அமோகவஜ்ரரின் குரு வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி, தென்னிந்தியாவில் இருந்து கடல் வழியே சீனம் சென்ற துறவி! இந்த மரபைச் சேர்ந்த கோயில்களில் இன்றும் அக்னி வளர்த்து ஆகுதி கொடுக்கிறார்கள். அந்த வழிபாட்டுக்கு 'கோமா' என்று பெயர். ஆம்... நம் ஹோமம்தான் அங்கே கோமா!

யாத்ரீகர் அணிவது வெள்ளை உடை. இறந்தவருக்கு அங்கே உடுத்துகிற நிறமும் அதுதான். 'வழியிலேயே உயிர் போனாலும் சரி' என்ற தீர்மானத்தைச் சொல்கிற உடை அது. தலையில் கோரைத் தொப்பி. கையில் ஓர் ஊன்றுகோல். தொப்பியில், 'இருவர் சேர்ந்து செல்லும் யாத்திரை' என்ற பொருள் தரும் வாசகத்தை எழுதியிருப்பார்கள். ஒரே ஓர் ஆள்தானே நடக்கிறார், இன்னொருவர் யார்? தாய்ஷிதான்! அந்த ஊன்றுகோலே அவர். அதனால், இரவு தங்குமிடத்தை அடைந்ததும், தன் கால்களைக் கழுவும் முன்பு ஊன்றுகோலின் அடியைக் கழுவுகிறார் யாத்ரீகர். குருவின் பாதத்துக்குத்தானே முதல் உபசாரம்!

உருட்டிவிடும் மலையும் உறங்க இடமில்லாத இரவும்

குரு கூடவே வருகிறார் என்பதற்காகப் பாதை இளகிவிடுவதில்லை.

முதல் பத்துக் கோயில்கள் அருகருகே, சமவெளியில் இருக்கின்றன. 'இவ்வளவுதானா யாத்திரை!' என்று தோன்றும். 11-வது கோயிலைத் தாண்டியதும் முதல் சோதனை காத்திருக்கிறது. 12-வது கோயிலான ஷோசான்ஜிக்குப் போக, சுமார் 13 கிலோமீட்டர் காட்டு மலைப் பாதை. ஏறி, இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். நல்ல தெம்பு உள்ளவர்களுக்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இந்த மாதிரியான செங்குத்து இடங்களுக்கு அங்கே வைத்திருக்கும் பெயரே, 'யாத்ரீகரை உருட்டிவிடும் இடம்' என்பதுதான்.

அடுத்து, கோச்சி மாவட்டம். மொத்தப் பாதையில் மூன்றில் ஒரு பங்கு தூரம் இங்கேதான். கோயில்களோ பதினாறே பதினாறு! 23-வது கோயிலில் இருந்து 24-வது கோயிலுக்கு சுமார் 75 கிலோமீட்டர். ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், இன்னொரு பக்கம் மலை. நடுவில் நீண்டுகொண்டே போகும் சாலை. 37-வது கோயிலுக்கும் 38-வது கோயிலுக்கும் இடையே அதைவிட தூரம் அதிகம். மூன்று நாட்கள் நடந்தால் ஒரு கோயில்! பாதம் கொப்பளித்துப் போகும். மழை பிடித்தால் உடுப்பும் மூட்டையும் நனைந்து கனக்கும். புயல் காலத்தில் அந்தக் கடற்கரையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்!

இன்று சாலையும் விடுதியும் மருத்துவமனையும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் எதுவும் இல்லை. வழியில் இறந்தவர்கள் ஏராளம். இறந்த இடத்திலேயே புதைத்து, அவர் கொண்டுவந்த ஊன்றுகோலையே அடையாளமாக நட்டுவிடுவார்களாம். பாதை ஓரத்தில் யாத்ரீகர்களின் பழைய கல்லறைகளை இன்றும் பார்க்கலாம்.

அப்படி நடந்தவர்களில், வீடு திரும்பும் எண்ணம் இல்லாமலேயே கிளம்பியவர்களும் இருந்தார்கள். தொழுநோய் வந்ததால் ஊரைவிட்டு விலக்கப்பட்டவர்கள், தீராத வியாதிக்காரர்கள், குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டோம் என்று நினைத்தவர்கள்... இவர்கள் எல்லாம் வெள்ளை உடை உடுத்திக்கொண்டு இந்தப் பாதைக்கு வந்தார்கள். ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. உயிர் இருக்கும் வரை நடை. பாரம் என்று உலகம் இறக்கிவைத்தவர்களை, இந்தப் பாதை ஏற்றுக்கொண்டது.

சரி... கையில் காசு இல்லாத, உடம்பில் தெம்பு இல்லாத அவர்களுக்குச் சோறு போட்டது யார்?

மறுக்கக் கூடாத உபசாரம்

பாதை ஓரத்துக் கிராமத்து மக்கள்தான்! குறிப்பாக, உங்களையும் என்னையும் போல அடுப்படியே உலகம் என்று இருந்த குடும்பப் பெண்கள்.

யாத்ரீகருக்குச் செய்யும் உபசாரத்துக்கு அங்கே 'ஓசெட்டாய்' என்று பெயர். இன்றைக்கும் நடக்கிறது. நடந்து வருபவரைப் பார்த்ததும், வயலில் வேலை செய்துகொண்டிருக்கும் மூதாட்டி ஓடிவந்து இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கையில் திணிப்பார். கடைக்காரர் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் தருவார். ஒருவர் சோற்று உருண்டை தருவார். இன்னொருவர் சில்லறை நாணயங்கள் தருவார். தன் வீட்டில் ஓர் அறையை யாத்ரீகர்கள் காசு இல்லாமல் தங்குவதற்கென்றே ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு. அந்தக் காலத்தில், கடலுக்கு அப்பால் இருக்கும் ஊர்க்காரர்கள் கூட்டாகப் பொருள் சேர்த்து, வசந்த காலத்தில் படகில் ஏற்றிக்கொண்டு வந்து, யாத்ரீகர்களுக்கு வழங்கிவிட்டுப் போவார்கள்.

ஓசெட்டாயில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கொடுப்பவர்தான் கைகூப்பி வணங்குகிறார்! ஏன்? எதிரே நிற்பது வெறும் வழிப்போக்கர் அல்லவே; தாய்ஷியோடு வந்திருப்பவர். அவருக்குக் கொடுப்பது தாய்ஷிக்கே கொடுப்பது. 'என்னால் நடக்க முடியவில்லை. என் பங்குக்கும் நீங்கள் கும்பிட்டுவிட்டு வாருங்கள்' என்ற வேண்டுதலும் அதில் சேர்ந்திருக்கிறது.

இரண்டாவது, யாத்ரீகர் அதை மறுக்கக் கூடாது என்பது மரபு. 'எனக்கு வேண்டாம், நான் வசதியாகத்தான் இருக்கிறேன்' என்று சொல்லி நகர்ந்தால், கொடுக்க வந்தவருக்குக் கிடைக்கவிருந்த புண்ணியத்தைத் தடுத்ததாக ஆகிவிடும். பெரிய கம்பெனியில் அதிகாரியாக இருப்பவரானாலும் சரி, குனிந்து, இரு கைகளாலும் அந்த ஆரஞ்சுப் பழத்தை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, வாங்கிக்கொண்டவர் தாய்ஷியின் திருநாமத்தைச் சொல்லி, தன் பெயரும் ஊரும் எழுதிய சிறு காகிதச் சீட்டு ஒன்றைக் கொடுப்பவரிடம் தருகிறார். கோயில்களில் சமர்ப்பிப்பதும் அதே சீட்டுதான். கொடுத்தவர் அதை ரட்சை போல வீட்டில் பத்திரப்படுத்துவார். பக்கத்து வீட்டு மாமி பாயசம் கொடுத்தனுப்பிய டப்பாவை வெறுமனே திருப்பித் தர நமக்கு மனசு வராது. ஒரு துளி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். பாயசத்துக்குச் சர்க்கரை ஈடாகுமா? ஆகாது. 'நீ கொடுத்ததை நான் மதித்தேன்' என்று சொல்வதற்குத்தான் அந்தச் சர்க்கரை!

உடைந்த பிட்சைப் பாத்திரம்

இந்த யாத்திரை எப்படித் தொடங்கியது என்பதற்கு அங்கே ஒரு கதை சொல்கிறார்கள்.

இயோ நாட்டில், அதாவது இன்றைய எஹிமே மாவட்டத்தில், எமோன் சபுரோ என்ற பணக்காரர் இருந்தார். ஒருநாள், கந்தல் உடுத்திய துறவி ஒருவர் அவர் வீட்டு வாசலில் பிட்சைக்கு நின்றார். சபுரோ விரட்டினார். மறுநாளும் துறவி வந்தார். மறுபடி விரட்டினார். இப்படியே நாட்கள் போக, ஒருநாள் ஆத்திரத்தில் துடைப்பத்தால் ஓங்கி அடித்தார். துறவியின் பிட்சைப் பாத்திரம் கீழே விழுந்து எட்டுத் துண்டுகளாக உடைந்தது. துறவி அதன் பிறகு வரவில்லை. ஆனால், சபுரோவின் எட்டுப் பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள்.

வந்தவர் தாய்ஷி என்பதை சபுரோ உணர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்காக, சொத்தை எல்லாம் விட்டுவிட்டு அவரைத் தேடிக் கிளம்பினார். தீவை இருபது முறை சுற்றி வந்தார். தாய்ஷி கண்ணில் படவே இல்லை. 21-வது முறை எதிர்த் திசையில் சுற்றினார். 12-வது கோயிலின் மலைப் பாதையில், சக்தி எல்லாம் தீர்ந்து சுருண்டு விழுந்த நேரத்தில், தாய்ஷி எதிரே வந்து நின்றார்; மன்னித்தார். 'உன் கடைசி ஆசை என்ன?' என்று கேட்டார். 'நல்லது செய்யக்கூடிய வசதியுள்ள வீட்டில் மறுபடி பிறக்க வேண்டும்' என்றார் சபுரோ. 'எமோன் சபுரோ மறுபடி பிறந்தான்' என்று ஒரு சிறிய கல்லில் எழுதி, அவர் கையில் வைத்து மூடினார் தாய்ஷி. சபுரோவின் உயிர் பிரிந்தது. பிற்பாடு, அந்த நாட்டுப் பிரபுவின் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. அதன் மூடிய கையைத் திறந்து பார்த்தபோது, உள்ளே அந்தக் கல்! 51-வது கோயிலுக்கு 'இஷிதேஜி' என்று பெயர். 'கல் ஏந்திய கை' என்பது அந்தப் பெயர் சொல்லும் கதை.

எட்டுக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று நம் மனசு கேட்கும். நியாயமான கேள்விதான். பழைய கதைகள் பல சமயம் இப்படித்தான் உறைக்கச் சொல்கின்றன. நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. சபுரோ கொடுக்க மறுத்தவர். அவருக்குக் கிடைத்த தண்டனை என்ன? கொடுப்பவராக இருந்தவர், வாசல் வாசலாக நின்று வாங்கிச் சாப்பிடும் யாத்ரீகராக ஆனார். இருபத்தோரு சுற்று நடந்து, கடைசியில் விழுந்து கிடந்தபோதுதான் அருள் கிடைத்தது. தன்னால் இனி ஒன்றுமே முடியாது என்ற நிலையில், அவர் கை மலர்ந்தது, கல்லை வாங்கிக்கொண்டது.

எஹிமேயில் ஒரு பாலம் உண்டு. தங்க இடம் கேட்டு யாரும் தராததால், தாய்ஷி ஓர் இரவு குளிரில் அதன் அடியில் படுத்தாராம். ஓர் இரவே பத்து இரவுகளாக நீண்டதாம்! அதனால் பாலத்துக்கும் 'பத்து இரவு' என்றே பெயர். இன்றும் எந்தப் பாலத்தைக் கடந்தாலும் யாத்ரீகர்கள் ஊன்றுகோலைத் தரையில் தட்டாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கீழே குருநாதர் உறங்கிக்கொண்டிருப்பாரே, விழித்துவிடக் கூடாதே! பாலத்தின் அடியில் படுத்த கோலத்தில் இருக்கும் அவருடைய சிலைக்குப் பக்தர்கள் மெத்தைப் போர்வை போர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் கொடுக்கத் தவறியதை, இத்தனை தலைமுறைகளாகக் கொடுத்துத் தீர்க்கிறார்கள்!

வாங்கிய கை என்ன செய்தது?

'எல்லாம் சரி. வாங்கித் தின்றே பழகினால் சோம்பேறித்தனம் வராதா? சுயமரியாதை என்னாகும்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் திருவள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் பாடினார். அடுத்த அதிகாரத்துக்கே 'இரவச்சம்' என்று பெயர் வைத்தார். கேட்பதற்கும் இடம் கொடுத்தார். கேட்க அஞ்சவும் சொன்னார். இரண்டும் வேண்டியிருக்கிறது. ஷிகோகுவிலும் யாத்திரையின் பெயரால் பிச்சையையே தொழிலாக்கியவர்கள் இருந்தார்கள். அன்று டோசா என்று அழைக்கப்பட்ட கோச்சிப் பகுதியின் ஆட்சியாளர்கள், யாத்ரீகர்களுக்குக் கடுமையான கட்டுப்பாடுகளும் விதித்தார்கள். உபசாரம் என்பது யாத்ரீகரின் உரிமை இல்லை. தானாக வந்தால் பணிந்து வாங்கிக்கொள்ளலாமே தவிர, கொடு என்று அதட்டக் கூடாது. அதேபோல, 'மறுக்கக் கூடாது' என்பதும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் விதி அல்ல. நடந்தே முடிப்பதாகச் சங்கல்பம் செய்தவரிடம் ஒருவர் காரை நிறுத்தி, 'ஏறிக்கொள்ளுங்கள்' என்றால், தன் விரதத்தைச் சொல்லி, மனம் நோகாமல் நன்றி சொல்லி விலகலாம்.

அப்படியானால் நன்றாக வாங்குவது எப்படி? அதற்கு உதாரணம், நகாட்சுகாசா மோஹெய் என்பவர். 1866-ல், இளம் வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பியவர், 1922-ல் இறக்கும் வரை நடந்துகொண்டே இருந்தார். எத்தனை சுற்று தெரியுமா? 280! ஐம்பத்தாறு வருடங்கள் பிறர் கொடுத்ததை வாங்கிக்கொண்டுதான் வாழ்ந்தார். வாங்கியதை என்ன செய்தார்? பாதை நெடுக, பிரியும் இடங்களில் எல்லாம் வழிகாட்டும் கற்களை நட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட கற்கள்! அவர் வாங்கிய காசு, அவருக்குப் பின்னால் வருபவர்களுக்கு வழியாக மாறியது.

இன்னொருவர், ஒரு பெண். 1918-ல் டகமுரே இட்சுவே என்ற 24 வயதுப் பெண் தனியாக இந்த யாத்திரைக்குக் கிளம்பினார். கையில் பணம் அதிகம் இல்லை. ஷிகோகு போய்ச் சேரும் முன்பே, வழியில் தங்க இடம் கொடுத்த 73 வயது முதியவர் ஒருவர், 'நானும் துணைக்கு வருகிறேன்' என்று கூடவே புறப்பட்டார். முன்பின் தெரியாதவர்! அந்தத் துணையை இட்சுவே ஏற்றுக்கொண்டார். திறந்த வெளியில் படுத்தும், கிடைத்ததைச் சாப்பிட்டும் யாத்திரையை முடித்தார். தன் அனுபவங்களைப் பத்திரிகையில் தொடராகவும் எழுதினார். பிற்காலத்தில், ஜப்பானியப் பெண்களின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய முன்னோடியாக அவர் புகழ் பெற்றார்.

வாங்கிக்கொண்டது இந்த இருவரையும் சிறுமைப்படுத்தவில்லை. வாங்கியதைத் தங்களிடமே நிறுத்திக்கொள்ளாமல், வேறொரு வடிவத்தில் முன்னே அனுப்பினார்கள். அவ்வளவுதான் ரகசியம்!

கை நீட்டிய பகவான்

நமக்கு இது புதுசா என்ன? நவராத்திரியில் சுமங்கலிகளை அழைத்து, உட்காரவைத்து, மஞ்சள் குங்குமம் தாம்பூலம் கொடுக்கும்போது, வாங்கிக்கொள்பவரை அம்பாளாகத்தானே நினைக்கிறோம்? 'எனக்கு எதுக்கு, வேண்டாம்' என்று யாராவது தாம்பூலத்தை மறுத்தால் நம் மனசு என்ன பாடுபடும்!

மூவுலகையும் உடைய பெருமாள், வாமனனாக வந்து மகாபலியிடம் மூன்றடி மண் கேட்டு நின்றார். காசியில் அன்னபூரணியிடம் சிவபெருமான் திருவோடு ஏந்தி நிற்கிறார். குசேலர் வெட்கப்பட்டு மறைத்த அவலைக் கண்ணன் தானே பிடுங்கிச் சாப்பிட்டான். ஆண்டவனே வாங்கிக்கொள்ளக் கூச்சப்படவில்லை. நாம் மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம்?

இனி, நம் வீட்டுக்கு வருவோம். காய்ச்சலோடு எழுந்து குக்கர் வைப்போம். 'நான் காபி போடறேம்மா' என்று பிள்ளை வந்தால், 'நீ போட்டா டிகாக்ஷன் வீணாயிடும், போ' என்போம். ஆபரேஷன் முடிந்து வந்த வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ரசம் சாதம் எடுத்து வந்தால், 'உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்' என்போம். இதில் தியாகம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. கூடவே, கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் இருக்கிறது... 'நான் கொடுப்பவள், வாங்குபவள் அல்ல' என்கிற மெல்லிய கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு விலை உண்டு. முப்பது வருடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்க விடாமல் வளர்த்த பிள்ளை, முப்பத்தோராவது வருடம் தானாக எப்படிக் கற்றுக்கொள்வான்? கொடுப்பதும் ஒரு பழக்கம். அதைப் பழக, வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் அந்த முதல் ஆள் நாம்தான். நாம் மறுக்கும் ஒவ்வொரு தடவையும், ஒரு கை கொடுக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறது. 'என்னைக் கவனிக்க யாருமில்லை' என்று பிற்பாடு வருந்துவதைவிட, இன்று அந்தத் தண்ணியான காபியை வாங்கி, 'நல்லாயிருக்குப்பா' என்று சொல்லிக் குடிப்பது மேல்!

இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கும் மாமியாரோ மாமனாரோ, 'உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேனே' என்று கண் கலங்குகிறாரா? அவருடைய மனசைப் போலவே, நாம் தட்டை வைக்கிற விதத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். 'டங்'கென்று வைத்த தட்டு பாரத்தை நினைவூட்டும். ஷிகோகுவின் மூதாட்டி, ஊர் பேர் தெரியாதவருக்கு இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கைகூப்பித் தருகிறாள். 'நீங்க வாங்கிக்கிட்டது என் பாக்கியம்' என்ற பாவம் கொடுப்பவருக்கு வந்துவிட்டால், வாங்குபவருக்குப் பார உணர்வு எங்கிருந்து வரும்? உடம்பு முடியாத ஒருவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்வது சாதாரணமா? உங்கள் முதுகு வலியும் அலுப்பும் உண்மைதான். தினமும் அந்த பாவம் வராது. ஒரு வேளை வந்தாலும் போதும், அந்த ஒரு வேளைச் சாப்பாடு நைவேத்தியம். அலுத்துப்போகும் நாளில், வீட்டில் உள்ள மற்றவர்களைக் கூப்பிட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அந்த உதவியை வாங்கிக்கொள்வதிலும் தப்பே இல்லை!

'யார் கையையும் எதிர்பார்க்காமல்' என்று வேண்டுவது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆரோக்கியம் கேட்பது நம் உரிமை. ஆனால், இந்த உலகத்துக்கு வந்த அன்றே ஒருத்தி கையில் ஏந்தித்தான் நம்மை வாங்கினாள். கிளம்பும் அன்றும் நாலு பேர் தோள் கொடுத்தாக வேண்டும். தொடக்கமும் முடிவும் பிறர் கையில் இருக்க, நடுவில் மட்டும் எதுவும் வேண்டாம் என்று இருக்க முடியுமா? ஆகவே, வேண்டுதலோடு இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்... 'அப்படி வாங்கிக்கொள்ளும் காலம் வந்தால், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும் மனசையும், கொடுப்பவரை வாழ்த்தும் வாக்கையும் தா, தாயே!'

இந்த வாரம் ஒரு சின்ன சங்கல்பம் எடுத்துக்கொள்ளுங்களேன். யாராவது உங்களுக்கு ஒன்றைச் செய்ய வந்தால்... பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கும் கல்லூரிப் பெண்ணோ, காய்கறிப் பையைத் தூக்க வரும் பக்கத்து வீட்டுச் சிறுவனோ, பாத்திரம் தேய்க்க வரும் உங்கள் வீட்டுக்காரரோ... 'வேண்டாம், நானே பார்த்துக்கறேன்' என்ற வார்த்தையை மட்டும் ஒரு வாரம் ஒத்திப்போடுங்கள். இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள். 'நல்லா இரு' என்று வாய் நிறைய வாழ்த்துங்கள். கொடுத்தவர் முகத்தில் அப்போது தெரிகிற சந்தோஷம், நீங்கள் அவருக்குக் கொடுத்தது!